குரல் அஞ்சலும் மின்னஞ்சல் வழங்கியும்: ஒரு மதிப்பீடு

அலுவலகத் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாதபோது அழைத்தவர் பேசுவதைப் பதிவு செய்து, அந்தப் பதிவை உரியவரின் மின்னஞ்சல் பெட்டியில் ஒலிக்கோப்பாகச் சேர்க்கும் ஏற்பாடு ஒருங்கிணைந்த செய்தி முறை எனப்படுகிறது. 2000களில் அலுவலகக் கணினித் துறை இதைப் பெரிதும் முன்னிறுத்தியது. தமிழ்நாட்டு அலுவலகங்களில், குறிப்பாகச் சிற்றூர் அலுவலகங்களில், இது வேரூன்றவில்லை. இங்குத் தேவைப்படாத பொருள் என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் அலுவலகத்துக்கு வரும் குரல் அலுவலகத்தின் ஆவணமாக வேண்டும் என்ற இதன் அடிப்படை நோக்கம் இங்கு இன்னும் நிறைவேறவில்லை.

செயல்படும் விதம்

குரல் அஞ்சலுக்கான முன்னோடிக் காப்புரிமைகளுள் ஒன்றை அமெரிக்கரான கார்டன் மேத்யூஸ் 1983இல் பெற்றார். தொடக்கத்தில் பதிவுகள் தனி இயந்திரத்தில் இருந்தன. அவற்றைக் கேட்கத் தொலைபேசியில்தான் எண்களை அழுத்த வேண்டும். குரல் செய்திகளை இணைய அஞ்சல் வழியே ஒரு முறைமையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவதற்கான நெறிமுறை 1990களில் வகுக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் 2007 மின்னஞ்சல் வழங்கியிலேயே குரல் அஞ்சலைச் சேர்த்தது. மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள் சாதாரணக் கணினியையே தொலைபேசி இணைப்பகமாக மாற்றி, பதிவை மின்னஞ்சலில் இணைத்தும் அனுப்புகிறது.

இடச்செலவு பெரிதன்று. வழக்கமான தொலைபேசித் தரத்தில் ஒரு நிமிடப் பேச்சு ஏறக்குறைய 480 கிலோபைட். சுருக்கிச் சேமித்தால் 100 கிலோபைட்டுக்கும் குறைவு. எனவே இந்த முறை பரவாமல் போனதற்குக் காரணத்தை இயந்திரத்தில் தேட முடியாது.

பரவாத காரணங்கள்

முதற்காரணம் பழக்கம். இந்தியாவில் எடுக்கப்படாத அழைப்புக்குக் கட்டணம் இல்லை. குரல் அஞ்சல் அழைப்பை ஏற்றுக்கொண்டால், மனிதர் எவரும் பேசாமலேயே அழைத்தவருக்குக் காசு போகும். 'மிஸ்டு கால்' கொடுத்துவிட்டு, மறுமுனையில் இருப்பவர் திரும்ப அழைப்பார் என்று காத்திருப்பதே சிக்கனமாக இருந்தது. இதையே தொழிலாக்கிய பெங்களூரு நிறுவனமான ஜிப்டயலை 2015இல் டுவிட்டர் வாங்கியது. எடுக்காத அழைப்பே ஒரு செய்தியாக இருந்த நாட்டில், இயந்திரத்திடம் பேசி வைக்கும் பழக்கம் வளரவில்லை.

இரண்டாவது காரணம் சட்டம். கட்டண ஏய்ப்பைத் தடுக்க, பொதுத் தொலைபேசி வலையமைப்பையும் நிறுவனங்களின் உள் இணையவழிக் குரல் வலையமைப்பையும் பிரித்து வைக்கும்படி இந்திய விதிகள் கோரின. இதற்கெனவே சிஸ்கோ இணைப்பகங்களில் தனி வசதி சேர்க்கப்பட்டது. அழைப்பு மையங்கள் போன்ற சேவை நிறுவனங்களுக்கான விதிகள் 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தளர்த்தப்பட்டன. அதற்குள் எக்ஸ்சேஞ்ச் 2019இலிருந்து குரல் அஞ்சல் பகுதியே நீக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது காரணம் மொழி. பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் முன்னோட்ட வசதி எக்ஸ்சேஞ்ச் 2010இல் வந்தது. அது அறிந்த மொழிகளில் தமிழ் இல்லை. தமிழ்ப் பதிவை ஒவ்வொன்றாகக் கேட்டாலொழிய அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது; தேடவும் முடியாது. முறைமையின் முக்கியப் பயன் இங்கே கிடைக்கவில்லை.

வாட்ஸ்அப் நிரப்பிய இடம்

2013இல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்ததும், இயந்திரத்திடம் பேசத் தயங்கியவர்களே தாராளமாகப் பேசி அனுப்பத் தொடங்கினர். ஆகவே தமிழர்களுக்குக் குரல் செய்தி பிடிக்காது என்ற வாதம் நிற்காது. கட்டணம் இல்லை, கேட்கப் போகிறவர் யார் என்று தெரிகிறது, மொழித் தடையும் இல்லை. இந்த மூன்றும் போதுமானவையாக இருந்தன.

ஆனால் அந்தச் செய்தி அலுவலகத்துக்கு வருவதில்லை, அலுவலரின் சொந்தக் கைபேசிக்கு வருகிறது. அவர் இடமாறுதல் பெற்றால் செய்தியும் அவரோடு போய்விடுகிறது. கைபேசி பழுதானால் அழிந்தும் போகலாம்.

மதுராந்தகத்தை வைத்துப் பார்த்தால்

செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் ஏரி இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உதவும். பல்லாண்டுகளாக 23.3 அடி என்று குறிக்கப்பட்டு வந்த முழு அளவை நீர் நெருங்கும்போது உபரி நீர் கிளியாற்றில் விடப்படும். கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை தரப்படும். எடுத்துக்காட்டாக, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒரு விவசாயி தன் வயலுக்குப் போகும் கால்வாய்க் கரை அரித்திருப்பதைக் கண்டு அலுவலகத் தொலைபேசிக்கு அழைக்கிறார் என்று கொள்வோம். மணி அடித்து நின்றுவிட்டால், அவர் அழைத்ததற்கே சான்று இல்லை. தெரிந்த அலுவலருக்குக் குரல் செய்தி அனுப்பினால் சான்று அவருடைய பையில் இருக்கும். அலுவலக மின்னஞ்சல் வழங்கியில் சேர்ந்தால், நாளும் நேரமும் அழைத்த எண்ணும் குறிக்கப்பட்ட பதிவாக அது நிற்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இங்கே பொருந்துகிறது. அச்சட்டத்தின் 2(f) பிரிவு 'தகவல்' என்பதில் மின்னஞ்சலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பொது அதிகார அமைப்பின் கட்டுப்பாட்டில் உள்ள மின்னஞ்சலில் கிடக்கும் குரல் பதிவைக் குடிமகன் கேட்டுப் பெற வழியுண்டு. தனியார் கைபேசியில் கிடக்கும் பதிவைத் தேடி எடுப்பது நடைமுறையில் மிகக் கடினம். யாருக்குத் தெரிந்தவர் இருக்கிறாரோ அவர் குரல் மட்டும் போய்ச் சேரும் நிலையும் இதனால் உருவாகிறது.

எல்லைகள்

இந்த முறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். கரை உடையும் வேளையில் குரல் அஞ்சல் ஆபத்தானது. செய்தி சொல்லியாகிவிட்டது என்ற பொய்யான நிம்மதியை அது தரும். அதற்கு உரியது ஆள் எடுத்துப் பேசும் 1077 மாவட்டப் பேரிடர் உதவி எண்தான். மேலும், யாரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டியில் சேரும் பதிவு, எடுக்காத மணியைவிடப் பெரிதாக உதவாது. எந்த அலுவலர், எத்தனை நாளுக்குள் கேட்டுப் பதில் தர வேண்டும் என்ற விதி இல்லாமல் வழங்கியை மட்டும் நிறுவுவது வீண்செலவு. குரலும் தனிமனிதத் தரவு என்பதால், எவ்வளவு காலம் வைத்திருப்பது, யார் கேட்கலாம் என்பதையும் வரையறுத்தாக வேண்டும்.

மதிப்பீடு

தொழில்நுட்பம் தொலைவில் இல்லை. இதே மாவட்டத்தில் கூடுவாஞ்சேரி அருகே வளாகம் கொண்ட ஜோஹோ நிறுவனமே மின்னஞ்சல், இணையவழித் தொலைபேசி ஆகிய இரு சேவைகளையும் வழங்குகிறது. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் கருவிகளும் இன்று உள்ளன. பழைய ஒருங்கிணைந்த செய்தி முறை மேலாளரின் வசதிக்காக உருவானது; ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பதே அதன் விளம்பரம். இங்கு அதைக் கொண்டுவந்தவர்களும் அதே வசதியைத்தான் விற்க முயன்றனர். அழைப்பவரின் பக்கத்திலிருந்து அதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அழைத்ததற்கு ஓர் எண், கேட்டதற்கு ஒரு பதில், பிறகு கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு பதிவு ஆகிய மூன்றையும் தரும்போதுதான் தொலைபேசியை மின்னஞ்சலோடு இணைப்பதற்குப் பொருள் உண்டு.