திருநாளுக்கு முன்னுள்ள நாட்கள்

கிறிஸ்து பிறப்புத் திருநாளின் ஆன்மிக அர்த்தம் மங்கி வருகிறதென்ற முறையீடு, பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஆண்டுதோறும் மார்கழியிலே பிரசங்க பீடங்களினின்று ஒலிப்பது வழக்கமாகிவிட்டது. புத்தாடையும் பலகாரமும் நட்சத்திர விளக்கும் அப்பிரசங்கங்களில் குற்றவாளிகளாக நிறுத்தப்படுகின்றன. தேவன் மனுஷ சரீரம் எடுத்தார் என்று விசுவசிக்கிற ஜனம் தன் ஆனந்தத்தைச் சரீரத்தாலும் காட்டுவது இயல்பாதலால், யாழ்ப்பாணத்து வீட்டின் பயற்றம் பணியாரத்தையும் நாகர்கோவில் வீட்டின் முந்திரிக்கொத்தையும் நான் குறைசொல்லேன். இழப்பு நேர்ந்த இடம் வேறு. திருநாளுக்கு முன்னுள்ள வாரங்களை நாம் கைவிட்டோம். அதனாலேயே திருநாள் உள்ளீடற்றுப் போயிற்று என்பது என் துணிபு.

டிசம்பர் 25க்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் உள்ளடக்கிய ஆகமன காலத்தைத் திருச்சபை காத்திருப்பின் காலமாகவே வகுத்தது. கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் ஊதா நிற உடை தரிப்பதும், ஞாயிறு பூசையில் உன்னத கீதம் பாடப்படாதிருப்பதும் அக்காலத்தின் அடையாளங்கள். அவற்றிலும் கருத்தாழமுள்ள ஒரு வழக்கம் வீடுகளில் உண்டு. வைக்கோலும் மண்ணும் கொண்டு குடில் சமைத்து, மரியாளையும் சூசையப்பரையும் ஆயர்களையும் அதில் நிறுத்திய பின்னரும், முன்னணையை மாத்திரம் வெறுமையாக விட்டுவைத்து, இருபத்து நாலாந் தேதி நள்ளிரவில்தான் பாலனின் சொரூபத்தை அதில் கிடத்துவார்கள். தினந்தோறும் அந்த வெற்று முன்னணையைக் கடந்துபோகும் குழந்தைக்கு, வரவேண்டியவர் இன்னும் வரவில்லை என்னும் வேதபாடத்தை எவரும் வாய்திறந்து போதிக்க வேண்டியதில்லை. இவ்வழக்கம் இரு நாடுகளுக்கும் பொது. ஆயினும் அக்காத்திருப்புக்குச் சரித்திரம் கொடுத்த நிறம் கரைக்குக் கரை வேறானது.

இலங்கையிலே அது துன்பத்தின் நிறம். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். 1687இல் இந்தியாவின் மேலைக் கரையிலுள்ள கோவாவிலிருந்து ஏழைக் கூலியாளின் வேஷத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளார், இரவு நேரங்களில் வீடுகளுக்குள் மறைவாகப் பூசை நிறைவேற்றி விசுவாசிகளைத் திடப்படுத்தினார். 1689ஆம் ஆண்டு நத்தார் என்னும் கிறிஸ்து பிறப்பு இரவிலே, வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் தப்பினார், பிடிபட்டவர்களோ தண்டனை அநுபவித்தனர். வாயிற்கதவைத் தாழிட்டு, குரலைத் தாழ்த்தி, விளக்கை மறைத்துக் கொண்டாடப்பட்ட அந்த நத்தாரில், திருநாளின் பொருள் எதுவென்று யாரும் யாரையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அத்தகைய நத்தார் நம் தலைமுறைக்கும் மீண்டும் வாய்த்தது. யுத்த காலத்தில் மின்சாரமின்றி, மண்ணெண்ணெயைச் சிக்கனம் பண்ணுவதற்காக ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கொளியில் யாழ்ப்பாணம் பல மார்கழிகளைக் கழித்தது. ஊரடங்குச் சட்டம் இருந்தபோது நள்ளிரவுப் பூசையை மாலையிலேயே முடித்துக்கொள்ள நேர்ந்தது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து ஜனங்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபின் வந்த நத்தாரை, அவர்களில் பலர் பள்ளிக்கூடங்களிலும் கோயில் வளவுகளிலும் பிறர் வீட்டுத் திண்ணைகளிலும் கழித்தனர். சத்திரத்தில் இடமில்லாமற்போன ஒரு குடும்பத்தின் கதையை அந்த ஆண்டில் அவர்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துன்பமே பக்தியை வளர்க்குமென்று நான் கூறவில்லை. எந்த ஜனத்துக்கும் அத்துன்பம் வேண்டாம். எனினும் அலங்காரம் ஒன்றும் எஞ்சாத இடத்தில் பண்டிகை எஞ்சியதை இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவர் தம் அநுபவத்தில் கண்டனர்.

தமிழ்நாட்டுக் கரையிலே அந்தக் காத்திருப்பு, கீதத்தின் நிறம் பெற்றது. தஞ்சையில் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), குறவஞ்சி என்னும் நாட்டு இலக்கிய வடிவத்தில் பெத்லகேமைப் பாடியதோடு, கர்நாடக இராகங்களில் அமைந்த எண்ணற்ற கீர்த்தனைகளால் சபையின் நாவுக்குத் தமிழ்ப் பண்ணைப் பழக்கினார். திருநெல்வேலிச் சீமையில் மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி, நாசரேத் முதலிய கிறிஸ்தவ ஊர்களிலே ஆலயமும் பள்ளியும் நடுவிருக்கத் தெருக்கள் அமைந்தபோது, டிசம்பர் இரவுகளில் வீடுவீடாகப் பாடிச்செல்லும் கூட்டம் ஊரின் ஜீவனாயிற்று. மார்கழி விடியலில் திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடும் தேசத்தில், இருட்டோடு எழுந்து பாடுவதற்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கிழக்கு வெளுக்குமுன் நான்கு மணிக்கு ஆலயமணி அடிக்க, தலையில் ஈரம் காயாமல் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நடந்துபோவது அவ்வூர்களில் இன்றும் காணக்கூடியதே. பாட்டை மனனம் பண்ணியவன் வேதசத்தியத்தையும் தன்னையறியாமலே மனனம் பண்ணிவிடுகிறான். தமிழ்நாட்டுச் சபையின் பலம் இதுவென்று நான் மதிக்கிறேன்.

இவ்விரு மரபுகளும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், யாழ்ப்பாணத்து மிஷனின் கிளையாகவே முளைத்தது. 1947இல் சென்னையில் உதயமான தென்னிந்தியத் திருச்சபையில் யாழ்ப்பாண அத்தியட்சாதீனமும் அங்கமாயிற்று. சபாபதி குலேந்திரன் அந்த அத்தியட்சாதீனத்தின் முதல் பேராயராயினார். நாடு இரண்டாயினும் ஆகமன காலம் ஒன்றே. இன்று அதை இழப்பதிலும் இரு கரைகளும் ஒன்றுபட்டிருப்பதுதான் எனக்குத் துக்கமளிக்கிறது.

இலங்கையில் ஒளிவிழா என்னும் நத்தார்க் கொண்டாட்டம் அவ்விழப்புக்கு ஏதுவாயிற்று. பாடசாலையின் மூன்றாம் தவணை வழக்கமாக டிசம்பர் முற்பகுதியில் முடிவதால், விடுமுறைக்கு முன்னதாகவே மாணவர்க்கு விழா நடத்தியாக வேண்டும்; அதைக் கண்டு அலுவலகங்களும் சங்கங்களும் பங்குகளும் தத்தமக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்கின்றன. பிரதம விருந்தினருக்கு மாலை, வரவேற்புரை, நடனம், நத்தார் பாப்பாவின் வருகை, பரிசளிப்பு, நன்றியுரை என்று எல்லாம் நடந்தேறிய பின், ஒரு சிறுவன் பத்துமுறை பாலன் பிறந்ததைக் கண்டுவிட்டு இருபத்தைந்தாந் தேதியை அடைகிறான். பிற சமயத்தாரும் ஒருமித்து உட்காரும் அவ்விழாவின் நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை; அது நடக்கும் நாளையே மறுக்கிறேன். தமிழ்நாட்டிலும் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடுமுன் கேக் வெட்டியாகிறது; சபைப் பிரிவுக்கொரு கொண்டாட்டமும், குடில் போட்டியும், ஒலிபெருக்கியும் டிசம்பர் முழுவதையும் நிரப்புகின்றன. வீடுவீடாகச் சென்ற பாடகர் கூட்டம் பல இடங்களில் நள்ளிரவுவரை வாகனத்தில் விரைந்து, வீட்டுக்கொரு பாட்டென முடித்துக்கொள்கிறது. இலங்கை தன் மௌனத்தையும் தமிழ்நாடு தன் கீதத்தையும் இவ்வாறே விட்டுக்கொண்டிருக்கின்றன.

திருச்சபையின் பஞ்சாங்கமோ இதற்கு நேர்மாறாக அமைந்தது. திருநாளுக்கு முன் விரதமும், திருநாளுக்குப்பின் ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள் வரையில் மகிழ்ச்சியும் என்பதே அதன் ஏற்பாடு. மூவிராசாக்களின் கதையைப் பாட்டும் கூத்துமாக நடிக்கும் வாசாப்பு மன்னார்க் கத்தோலிக்கரின் மரபில் இருப்பதை நினைத்தால், அந்நாட்களின் அருமை நம் முன்னோருக்குத் தெரிந்தே இருந்தது. அந்த மகிழ்ச்சியும் மெய்யறியாத களிப்பாக வகுக்கப்படவில்லை. டிசம்பர் 26, முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் நாள். 28 ஏரோதினால் கொலையுண்ட மாசற்ற குழந்தைகளின் நாள். 2004ஆம் ஆண்டில் அந்த 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைய, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, வேளாங்கண்ணி, குளச்சல் என இரு கரைகளிலும் ஆழிப்பேரலை ஆயிரமாயிரம் உயிர்களை ஒருங்கே கொண்டுபோயிற்று. அன்றுமுதல் கடலோரப் பங்குகளில் நத்தாருக்கு மறுநாள் கண்ணீரஞ்சலியும் நினைவுப் பூசையும் நடைபெறுகின்றன. பாலனின் முன்னணைக்கு அருகிலேயே மரணத்தை வைத்த பழைய பஞ்சாங்கத்தின் ஞானம் அந்த ஜனங்களுக்கு இப்பொழுது நன்கு விளங்கும்.

ஆதலால் பங்குக் குருமாரையும் போதகர்களையும் சபைச் செயற்குழுவினரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. பாடசாலைகளின் நாட்களை மாற்றுவது உங்கள் கையில் இல்லாதிருக்கலாம்; உங்கள் சொந்தச் சபையின் ஒளிவிழாவையும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையும் டிசம்பர் 26க்கும் ஜனவரி 6க்கும் இடைப்பட்ட நாட்களுக்கு இவ்வாண்டே தள்ளிவையுங்கள். முந்திய நான்கு வாரங்களில் பழைய கீர்த்தனைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, குடிலைக் கட்டி, முன்னணையை வெறுமையாக விட்டுவையுங்கள்.