சொல்லின் வாலை வெட்டும் நிரல்கள்

தமிழ்ச் சொல்லின் ஈற்றை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் வெட்டி அடிச்சொல்லை எடுப்பது தேடல் நிரல்களில் பழகிப்போன வழி. மார்ட்டின் போர்ட்டர் 1980இல் ஆங்கிலத்துக்கு வகுத்த முறை இதற்கு முன்மாதிரி. இத்தகைய வெட்டுவிதிகளை எழுத அவர் பின்னர் உருவாக்கிய ஸ்னோபால் மொழியில் தமிழுக்கும் விதிகள் சேர்ந்தன. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 தரவுத்தளம் அவற்றை ஏற்றுக்கொண்டது. தமிழுக்கு இதுவே போதும் என்போர் உண்டு.

அகராதி வேண்டாம், வேகம் அதிகம், சில பத்து வரிகளில் வேலை முடியும். ‘தறிகளில்’, ‘நெசவாளர்களுக்கு’ போன்றவற்றில் பிசகுவதும் அரிது.

ஆனால் கடைசி எழுத்துகள் உருபா, சொல்லின் உடம்பா என்பது விதிக்குத் தெரியாது. காஞ்சிபுரத்தைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் ‘கோயில்’ வரும். ‘இல்’லை நீக்கினால் அது ‘கோய்’. ‘கோயிலுக்கு’ என்பதில் உருபு போய் ‘கோயில்’ மிஞ்சும். தேடும் சொல்லையும் தேடப்படும் சொல்லையும் ஒரே விதியால் வெட்டுவதால் பிழை தானே சமனாகும் என்ற வாதம் இங்கேயே அடிபடுகிறது. திரும்பத் திரும்ப வெட்டினால் இரண்டும் ‘கோய்’ ஆகிச் சேரும்தான். அப்போது ‘பட்டையில்’ முதலில் ‘பட்டை’யாகி, அடுத்த வெட்டில் ‘பட்டு’ ஆகும். பட்டுச் சேலை தேடியவருக்கு மரப்பட்டை வந்து சேரும்.

மகர ஈறு இன்னும் மோசம். ‘காஞ்சிபுரத்தை’க்காக ‘த்தை’யை எடுத்து ‘ம்’ வைத்தால், அதே விதி ‘முத்தை’ என்பதை ‘மும்’ ஆக்கும். குறுஞ்சொற்களைத் தொடாதே என நீள வரம்பு வைப்பது வழக்கமான மருந்து. ‘பஞ்சாயத்தை’ நீளமான சொல்தான்; அது ‘பஞ்சாயம்’ ஆகிறது! விலக்குப் பட்டியல் போடலாம். அது வளர்ந்தால் அகராதிதான், அதுவும் ஒப்புக்கொள்ளாமல் எழுதிய அரைகுறை அகராதி. தொல்காப்பியர் மகர ஈற்றுப் பெயருக்கு அத்துச் சாரியை சொன்னபோது பெயரை முன்வைத்து உருபை நோக்கிப் போனார். நிரல் எதிர்த்திசையில் வருகிறது. கெட்டுப்போன எழுத்தை ஊகிப்பதைத் தவிர அதற்கு வழியில்லை.

இதற்கு மாறாக, சர்வேஸ்வரன், கிஹான் டயஸ், மிரியம் பட் ஆகியோர் 2021இல் விளக்கிய தமிழிமார்ஃப் பகுப்பான் சொற்பட்டியலோடு இயங்குகிறது. பட்டியலில் ஏறாத சொல்லுக்கு இவ்வகைப் பகுப்பானுக்கும் ஊகமே கதி. எனினும் ‘பாவை’ என்பதற்கு நெசவுப் பாவு, பொம்மை என இரு விடைகளையும் காட்ட அகராதியால் முடியும். வெட்டுவிதிக்கு எல்லாமே ‘பாவு’. மார்கழியில் வைணவக் கோயில்களில் ஓதும் திருப்பாவையும் அதன் கணக்கில் ‘திருப்பாவு’.