ஐம்பது விநாடியில் ஓர் அலை

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் படகு கடலுக்குள் செல்வதை மீஞ்சூர்ப் பக்கத்து வாசகர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அலை உடையும் இடத்தைப் படகு தாண்டும்வரை கரையில் நிற்பவர் வாய் திறப்பதில்லை. இதே காட்சியை 1895இல் பிரான்சின் லா சியோட்டா துறைமுகத்தில் லூயி லூமியேர் படமாக்கினார். 'துறைமுகத்தை விட்டுச் செல்லும் படகு' என்னும் இம்மௌனப் படம் ஒரு நிமிடம்கூட ஓடாது.

துடுப்பு வலித்துப் படகைச் செலுத்துகின்றனர். கரையில் பெண்களும் குழந்தைகளும் நிற்கின்றனர். தடுப்புச் சுவரின் மறைவு நீங்கியதும் ஓர் அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அவர்கள் தடுமாறும்போதே படச்சுருள் தீர்ந்துவிடுகிறது!

இவரது 'ரயில் வருகை' படமே உலகப் புகழ் பெற்றது. 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஓட்டலில் நடந்த இந்தியாவின் முதல் காட்சியிலும் ஒரு ரயில் படம் இருந்தது. ரயிலைக் கண்டு மக்கள் அலறி ஓடினர் என்னும் கதைக்கு நம்பத்தக்க சான்று இல்லை. என் கணிப்பில் படகுப் படமே சிறந்தது. ஏன்? மீஞ்சூர் நிலையத்திற்குக் கும்மிடிப்பூண்டி வண்டி வருவதுபோல, ரயில் வரவேண்டிய இடத்திற்கு வந்து நிற்கிறது. அலையோ யார் சொல்லையும் கேட்பதில்லை. எடுத்தவரே எதிர்பாராதது படத்தில் பதிந்துவிட்டது. குறையும் உண்டு: நிலையாக நிற்கும் காமிராவுக்குப் படகோட்டிகளின் முகம் எட்டவில்லை.

இத்தகைய படங்களைப் பார்ப்பதற்கும் அறிவியல் தேவை. 17 மீட்டர்ச் சுருளில் ஏறத்தாழ 900 படச்சட்டங்கள் அடங்கும். கையால் சுழற்றி விநாடிக்குச் சுமார் 16 சட்டங்களாக எடுத்தனர். அதையே 24 வீதம் ஓட்டினால் 37 விநாடியில் முடிந்துவிடும். மனிதர்கள் பொம்மைகளாகத் துள்ளுவர். பழங்காலத்தார் அப்படி நடக்கவில்லை, தவறு ஓட்டுபவருடையது.

இதற்கு நேர்மாறான தவறு இன்று பரவியுள்ளது. 2020இல் ரயில் படத்தைக் கணினியால் விநாடிக்கு 60 சட்டங்களாக மாற்றிப் பரப்பினர். பார்க்க வழவழப்பாக இருக்கிறது. ஆனால் அறுபதில் நாற்பத்து நான்கு கணினியின் ஊகம்! அழகுக்காகப் பாருங்கள், சான்றாகக் கொள்ளாதீர்கள்.

லூமியேர் படங்கள் ஏறத்தாழ 1,400 இன்றும் உள்ளன. நம் நிலை என்ன? 1905இல் திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவியும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். பின்னர் நடராஜ முதலியார் தயாரித்த 'கீசக வதம்' முற்றிலும் அழிந்தது. இந்திய மௌனப் படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

அன்றைய சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. அது சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றின் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகிச் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். நம் கடற்கரைக் காற்று அதற்குப் பகை. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதனுள்ளேயே இருப்பதால் பற்றிய தீ நீருக்கும் அடங்காது.

ஆகவே, பழைய தகரப்பெட்டியில் சுருள் கிடைத்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், நெருப்பருகே திறக்காதீர்கள், பழைய சாமான் கடைக்கும் போடாதீர்கள். 1964இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். அந்தப் பெட்டிக்குள் நம் கரையின் அலை ஒன்று காத்திருக்கக்கூடும்.