கோச்சின் கையில் எத்தனை சீட்?

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு கோச்சாகக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று யோசனை கேட்கும் இளைஞர்களிடம் சம்பளத்தைப் பற்றிக் கடைசியில்தான் விசாரிப்பேன். வருஷத்துக்கு எத்தனை சீட் உங்கள் கையில் என்பதுதான் முதல் கேள்வி. காசிமேட்டிலோ எண்ணூர் தாழங்குப்பத்திலோ ஆறடி மூன்று அங்குலத்தில் ஒரு பையன் கண்ணில் படுகிறான். பிளஸ் டூ மார்க் சுமார். "நம்ம காலேஜ்ல சேர்த்துடலாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, சொன்னபடி சேர்க்கவும் உங்களால் முடியுமா? முடியும் என்றால் அந்த வேலையைத் தாராளமாக ஒத்துக்கொள்ளலாம். முடியாது என்றால், வந்து சேர்ந்த பிள்ளைகளை வைத்து ஒப்பேற்றுவதிலேயே ஆண்டுகள் போய்விடும்.

சென்னையின் தென்கோடியில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., பழைய மகாபலிபுரம் சாலையில் சத்யபாமா, இந்துஸ்தான் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்றே பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கின்றன. நல்ல ஆட்டக்காரன் கிடைத்தால் கட்டணச் சலுகை, ஹாஸ்டல், மெஸ் எல்லாம் பேசி முடிக்க வழி இருக்கிறது. வடகோடியில் நிலைமை வேறு. வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் கல்லூரியும் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியும் அரசுக் கல்லூரிகள். இணையத்தில் விண்ணப்பம், தரவரிசை, கலந்தாய்வு என்று ஒழுங்காக நடக்கும் சேர்க்கை. விளையாட்டுக்காரர்களுக்குச் சிறப்புப் பிரிவு உண்டு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே அதை முடித்துவிடுவார்கள். சிபாரிசுக்கு இடம் தராத அந்த முறை நல்ல முறை. அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கே பேசுவது சான்றிதழ். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக ஆடியவனுக்கு முன்னுரிமை. கூடைப்பந்தில் அப்படிச் சான்றிதழ் சேர்க்க வேண்டுமானால் ஆறாம் வகுப்பிலிருந்தே கோர்ட்டும் கோச்சும் உள்ள பள்ளியில் படித்திருக்க வேண்டும். வடசென்னைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? வியாசர்பாடியில் ஒரு பந்து இருந்தால் இருபது பேர் கால்பந்து ஆடிவிடலாம். கேரமுக்குத் தெருவோரம் ஒரு பலகை போதும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இதே வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூடைப்பந்துக்கோ 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் சமதளம் வேண்டும். 3.05 மீட்டர் உயரத்தில் ஆடாமல் நிற்கும் ரிங் இரண்டு வேண்டும். வீட்டுக்கு வீடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் தெருக்களில் அது எங்கே கிடைக்கும்? அதனால் இந்தப் பக்கத்துப் பையன் பந்தைத் தொடுவதே பெரும்பாலும் பதினாறு வயதுக்கு மேல்தான். உயரம் இருக்கும், குதிகால் பலம் இருக்கும், கடலில் வலை இழுத்த தோள் இருக்கும். கையில் சான்றிதழ் இருக்காது. அவனைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் கோச் ஒருவர்தான். அவருக்குத்தான் சேர்க்கை மேசையில் நாற்காலி இல்லை. திறன் தேர்வு ஒன்றை வெளிப்படையாக நடத்தி, ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் இரண்டே இரண்டு இடங்களை அதற்கென ஒதுக்கினால்கூடப் போதும், நிலைமை மாறத் தொடங்கும்.

இன்னொரு பள்ளம் வெளியே தெரியாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே நேராகத் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே நன்றாக ஆடினால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. ஆக, அங்குள்ள கோச் வருஷம் முழுக்கத் தன் கையால் தேய்த்து எடுத்த அணியோடே வாரணாசிக்கோ ஜெய்ப்பூருக்கோ ரயில் ஏறலாம். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி போன்றவை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்றவை. அங்குள்ள கோச் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியை வென்றாலும் அணி அதோடு நின்றுவிடும். செலக்‌ஷனில் தேறும் ஓரிருவர் மட்டும் பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள். அந்த அணியைத் தயார் செய்வதும் பெரும்பாலும் வேறொருவர். மூன்று வருஷம் உருட்டி உருவாக்கிய பாயின்ட் கார்டு இன்னொருவரின் திட்டத்தில் ஆடுவதைக் கேலரியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சம்பளத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு இது. திறமையான இளம் கோச்சுகள் தெற்கே பார்ப்பதற்குக் காரணம் பணம் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பணம் என்று பார்த்தால் அரசுப் பதவிதான் மேல். கல்லூரி உடற்கல்வி இயக்குநர், அதாவது நம் ஊர்ப் பேச்சில் பி.டி. சார், உதவிப் பேராசிரியருக்கு இணையான ஊதிய நிலையில் இருப்பவர். தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். முதுகலைப் பட்டமும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் கேட்பார்கள். உடல்தகுதிக்கு ஓட்டமும் உண்டு: 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். இவ்வளவையும் தாண்டி வந்தவரிடம் கபடி, வாலிபால், தடகளம், செஸ், விளையாட்டு விழா, சுதந்திர தின அணிவகுப்பு என்று மொத்தக் கல்லூரியையும் ஒப்படைத்துவிடுவார்கள். கூடைப்பந்து அதில் பத்தில் ஒன்று. இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே 1898இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது உடற்கல்வி ஆசிரியராகவும் வழிபாட்டுக் கூடப் பொறுப்பாளராகவும்தான். அணியைப் பார்த்துக்கொண்டது கூடுதல் வேலை. அவர் கணக்கில் 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளில் வெற்றியை விடத் தோல்வி அதிகம் உள்ளவர் அவர் ஒருவரே. அவர் பயின்று ஆசிரியராக இருந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். எல்லா விளையாட்டுக்கும் ஓர் ஆசிரியர் என்ற மரபு அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் பரவியது. உடற்கல்வி பரவ அது பெரிய உதவி. ஆனால் ஜோன் டிஃபென்ஸை உடைப்பது எப்படி என்று தினம் யோசிக்க ஒருவர் வேண்டுமென்றால் தனி கோச் வேண்டும். பாட்டியாலா என்.ஐ.எஸ். பட்டயம் பெற்றவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைக் கல்லூரிகள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எடுக்கின்றன, சீசன் முடிந்ததும் அனுப்பிவிடுகின்றன.

அங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மிகப் பெரிய பெயர் ஜான் வுடன். யு.சி.எல்.ஏ. அணிக்கு அவர் வந்தது 1948இல், முதல் தேசியப் பட்டம் வென்றது 1964இல். இடையில் ஓடியவை பதினாறு வருஷங்கள். பின்னர் 1975க்குள் மொத்தம் பத்துப் பட்டங்கள். முதல் இரண்டையும் வென்றபோது அவருடைய அணிக்குப் பெரிய அரங்கம் கிடையாது. பழைய, காற்றோட்டமில்லாத ஜிம்மில்தான் பயிற்சி. பெரிய அரங்கமான பாலி பெவிலியன் திறந்ததே 1965இல். நம் ஊரில் 11 மாத ஒப்பந்தத்தில் வரும் கோச், முதல் வருஷம் சேர்த்த பையன் மூன்றாம் வருஷம் என்ன ஆனான் என்று பார்க்கும் முன்பே வேறு கல்லூரியில் இருப்பார். ஒரு வேலை விரும்பத்தக்கதா என்று கேட்டால் சீட்டுக்கு அடுத்து நான் பார்ப்பது இந்த அவகாசத்தைத்தான். ஐந்து வருஷத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தரும் கல்லூரி, தேக்குத் தரை போட்ட உள்ளரங்கம் உள்ள கல்லூரியை விட மேல்.

கோர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக இருக்கும் எந்த கோர்ட்டிலும் ரிங்கை நிமிர்ந்து பாருங்கள். உப்புக்காற்று இரும்பை அரித்து, ரிங் போர்டோடு சேரும் இடத்தில் துரு செதில் செதிலாக உதிரும். போல்ட்டு தளர்ந்தால் ரிங் முன்பக்கம் அரை அங்குலம் சாயும். அதில் ஷூட் பழகியவன் நேரு ஸ்டேடியத்துக்குப் போய் ஆடும்போது பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வரும். பையனுக்கு ஏன் என்றே புரியாது, கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வான். சிமென்ட் தரை முழங்காலை வாங்குவது தனிக்கதை. வருஷத்துக்கு இருமுறை பெயின்ட், துருப்பிடிக்காத போல்ட்டு, நாலு விளக்கு, தரைக்கு ஒரு சிந்தெடிக் பூச்சு என்று கேட்டு வாங்கும் அதிகாரம் கோச்சுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கோப்பு எழுத வேண்டிய இடத்தில் நல்ல கோச் நிலைக்க மாட்டார்.

அதைவிட முக்கியம் சாப்பாடு. விடிகாலை ஏலத்துக்காகக் காசிமேட்டில் மீன் கூடை இறக்கிவிட்டு வருகிறவன், இரவு பத்து மணிவரை உணவு டெலிவரி வண்டி ஓட்டுகிறவன், இப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாத வடசென்னைக் கல்லூரி அணி அபூர்வம். பிராக்டீஸ் முடிந்து அவன் கையில் இரண்டு முட்டையும் வாழைப்பழமும் பாலும் வைக்க முடியாவிட்டால் வெயிட் டிரெயினிங் அட்டவணை போடுவதில் பொருளே இல்லை. பல பி.டி. சார்கள் தங்கள் பையிலிருந்தே இதைச் செய்கிறார்கள். வெளியே சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் மதிய உணவு கொடுக்க வழி செய்தவர் பிட்டி தியாகராயர். அவர் பெயரில் கல்லூரி இருக்கும் பகுதியில், விளையாடும் பிள்ளைக்கு மாலையில் ஒரு வேளைச் சத்துணவுக்கு வரவுசெலவில் தலைப்பு ஒதுக்குவது பெரிய காரியமா?

வடக்கில் வேலை பார்ப்பதில் தெற்கில் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும், கடலுக்குப் போகும் இளைஞர்கள் ஊரில் இருப்பார்கள். பிளஸ் டூ பரீட்சையும் அதற்குள் முடிந்திருக்கும். கல்லூரிச் சேர்க்கை நெருங்கும் நேரமும் அதுதான். குப்பம் குப்பமாகப் போய் உயரமான பிள்ளைகளைப் பொறுக்கி ஆறு வாரம் கோடை முகாம் நடத்த இதைவிட வாகான காலம் எந்த ஊர் கோச்சுக்கும் அமையாது. மெட்ரோவும் 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. எண்ணூர்ப் பையன் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ்ஸில் சிக்கிக் கிடக்காமல் வண்ணாரப்பேட்டை வந்துவிடலாம். அதே பையன் எஸ்.ஆர்.எம். இருக்கும் பொத்தேரிக்குப் போவதென்றால் ரயில் மாறி, போக வரவே நாலு மணி நேரத்துக்குக் குறையாது. ஹாஸ்டல் இல்லாமல் அது நடக்காது. வீட்டுக்கு அவன் வருமானமும் வேண்டும் என்ற குடும்பத்தில் ஹாஸ்டலுக்கு அனுப்ப மனசு வராது. அந்தப் பிள்ளைகளுக்கு வடசென்னைக் கல்லூரியை விட்டால் வேறு வழி கிடையாது.

மிச்சமிருப்பது மூன்று வருஷம் கழித்து என்ன என்ற கேள்வி. பெற்றோர் கோச்சிடம் கேட்பது இதை மட்டும்தான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரி, சுங்கத்துறை, காவல்துறை என்று சென்னைக் கூடைப்பந்தைத் தாங்கி நின்றவை வேலை கொடுத்த அணிகள்தான். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்தியாவுக்கு ஆடியவர். சென்னையில் 2022இல் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாட்டு ஆண்கள் அணி சாம்பியன் ஆனதற்குப் பின்னாலும் இந்த வேலைகளின் பலம் இருக்கிறது. அந்த வாசல்கள் குறுகக் குறுக, கல்லூரி கோச்சின் வார்த்தைக்கு வீடுகளில் மதிப்புக் குறைகிறது. "ஆடுனா வேலை கிடைக்கும்" என்று பத்து வருஷம் முன்பு தைரியமாகச் சொன்னவர்கள் இன்று தயங்குகிறார்கள்.

வடசென்னையைச் சுற்றி எத்தனை தொழிற்சாலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., கார்போரண்டம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, ராயபுரத்தை ஒட்டிச் சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர் துறைமுகம். இவற்றின் புகையையும் லாரியையும் எண்ணெய்க் கசிவையும் வாயுக் கசிவையும் சுமப்பவர்கள் இந்தக் குப்பத்துக் குடும்பங்கள். 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியது, மாதக் கடைசியில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தது. இந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு இரண்டு கல்லூரி ஆட்டக்காரர்களைப் பயிற்சிப் பணியாளராக எடுத்து, சென்னை லீகில் ஓர் அணியாக ஆடவிட்டால் அவற்றுக்குச் செலவு பெரிதில்லை. அப்படி வேலைக்கு எடுப்பதாக ஒரு கடிதம் கையில் இருந்தால், வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ வேலை பார்க்கும் கோச் எந்தக் குப்பத்து வீட்டிலும் தயங்காமல் போய் உட்கார்ந்து பேச முடியும்.