கைகொடுக்கும் பேக் ஃபைல்

மேலநீலிதநல்லூரில் வீடு கட்டுபவர் வாஸ்து பார்த்துவிட்டு மாடிப்படியை இடம் மாற்றச் சொல்வார். மறுநாளே, "தம்பி, பழைய பிளானே இருக்கட்டும்" என்பார். அப்போது கைகொடுப்பது ஆட்டோகேடின் 'பேக்' ஃபைல்தான். 1982-இல் வெளிவந்த இந்த மென்பொருள், ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் அதற்கு முந்தைய வரைபடத்தை அதே ஃபோல்டரில் சத்தமில்லாமல் எடுத்துவைக்கிறது. பெயரின் கடைசியில் உள்ள 'பேக்' என்பதை 'டிடபிள்யூஜி' என்று மாற்றினால் போதும். பழைய சுவர், பழைய படி, அளவுக்கோடுகள் எல்லாம் அப்படியே திறக்கும். என்ன அருமையான ஏற்பாடு! ஆனால் ஒரு படிதான் பின்னால் போகும். இன்னொரு முறை சேவ் கொடுத்தால் போச்சு. ஹார்ட் டிஸ்க் பழுதானால் அதுவும் கூடவே போய்விடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு, ஆர்1, ஆர்2 என்று தனித்தனியாகச் சேமியுங்கள். பென்டிரைவிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.