கூடிச் செதுக்கும் கலை

மருந்து உடற்பிணியைத் தீர்க்கும். மனச்சுமையை இறக்கி வைக்கவோ ஒரு சுமைதாங்கி வேண்டும். கலை அத்தகைய சுமைதாங்கியாக அமையும் என்பதை இன்று மருத்துவ உலகமும் ஏற்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைக்குப் பங்குண்டு என எடுத்துக்காட்டியது.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சபா மாநிலத்து ரானாவில் 2010ஆம் ஆண்டு தோன்றிய 'பங்ரோக் சூலாப்' குழுவினர், ஊர்மக்களோடு அமர்ந்து பலகையில் படம் செதுக்குகின்றனர். சூலாப் என்பது அங்குள்ள உழவர் இளைப்பாறும் குடில். 'வாங்காதே, நீயே செய்' என்பது இவர்தம் கொள்கை. அச்சுப்பொறியும் வேண்டுவதில்லை, மை தடவிய பலகையையும் துணியையும் சேர்த்து வைத்து, இசைக்கேற்பக் காலால் மிதித்தே அச்சிடுவர். வேடிக்கை பார்ப்போர் என எவரும் அங்கில்லை. இதுவே அம்முறையின் தலையாய சிறப்பு.

எனினும் குறையும் உண்டு. பெரும்பலகையில் ஊரின் உரிமைக்குரல் ஓங்கி ஒலிக்கும். தனியொருவரின் துயரம் அதில் அமிழ்ந்துபோகலாம். செருமானியக் கலைஞர் கேத்தே கோல்விட்சு, 1914இல் போரில் மகனை இழந்தவர். அவர் 1921, 1922ஆம் ஆண்டுகளில் செதுக்கிய 'போர்' மரச்செதுக்குப் படங்களில் ஒரு தாயின் நெஞ்சமே பேசுகின்றது. ஊரின் குரலும் வேண்டும். ஒருவரின் விம்மலும் வேண்டும்.

அவ்வாறாயின் இப்பணிக்குத் தலைமை தாங்குவோர் யாது செய்தல் வேண்டும்? யானே ஒருமுறை தவறினேன். மதுவின் கேட்டை விளக்கும் படம் ஒன்றை வரைந்து செதுக்கிக் கொடுத்து, பெற்றோரை அச்சிடச் செய்தேன். படம் தெளிவாகவே விழுந்தது. ஒருவரும் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. அடுத்த முறை லினோலியத் துண்டையும் உளியையும் கொடுத்துவிட்டு வாளாவிருந்தேன். பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவர், இடிக்கப்பட்ட தம் லயத்து வீட்டு வாசலைச் செதுக்கினார். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவிப் பழகிய கை, ஆழமறிந்து கீறியது. சுற்றி நின்றோர் அவ்வாசலைக் கண்டு பேசத் தொடங்கினர். குடியால் கெட்ட குடும்பங்களின் கதையும், யான் கேளாமலே, அப்பேச்சில் வந்தது.

மனம் திறந்தவரைக் காப்பதும் தலைவரின் கடனே. சபாவின் குறைகளை எடுத்துரைத்த 'சபா தானா ஆயிர்கு' என்னும் பங்ரோக் சூலாப் படைப்பு, 2017இல் கோலாலம்பூர்க் கண்காட்சியொன்றிலிருந்து அகற்றப்பட்டது. குழுவாக நிற்பவர் அதைத் தாங்குவர். தனித்து நிற்கும் மூதாட்டி தாங்குவாரா? ஆதலின், அவரவர் இசைவின்றி ஒரு படத்தையும் பொதுவில் வைத்தலாகாது.

பலகையில் எழுத்தை இடவலமாக மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் அது நேராக விழும். ஆசிரியப் பெருமக்களே, நாமும் ஒருநாள் இடம் மாறி அமர்வோம். கற்பிப்பதை நிறுத்தி, மக்கள் செதுக்குவதைக் கற்போம்.