நூலும் நூலாக்கமும்: தனிமுயற்சிப் பதிப்புகளைப் பாயிர மரபின்வழி நோக்கல்

முன்னுரை

தமிழ் ஆய்வுலகில் ‘பதிப்பு’ என்னும் சொல் பெரும்பாலும் ஓலைச்சுவடியையே நினைவுறுத்துகின்றது. சுவடி தேடுதல், பாடம் ஒப்பிடுதல், உரை காணுதல் ஆகியன பதிப்பியலின் பணிகளாக வகுத்துரைக்கப்பட்டுள்ளன. அச்சிலேயே பிறந்த இக்கால நூல்களுக்குப் பதிப்பியல் எதற்கு என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் படைப்பைப் பற்றி ஆயும் மாணவர், கைக்குக் கிடைத்த மறுபதிப்பையே மூலமாகக் கொள்கின்றார். முதற்பதிப்பு எப்படி இருந்தது, யார் அச்சிட்டார், எவ்வகையில் பக்கங்கள் அமைந்தன என்பன அவருடைய ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டனவாகி விடுகின்றன.

நூலகங்களும் இதற்குத் துணை போகின்றன. கட்டுரையாளர் பணிநிமித்தம் பயன்படுத்திய நூலகம் ஒன்றில், 1960களில் எழுத்தாளர் சிலர் தம் பொருளில் வெளியிட்ட சிறு கவிதை நூல்கள் நான்கினை ஒன்றாகச் சேர்த்து ரெக்சின் அட்டையிட்டுக் கட்டியிருந்தனர். மேலட்டைகள் நீக்கப்பட்டிருந்தன; ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தன. நூல்களைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் செய்த செயல்தான் அது. எனினும் அந்நூல்களின் ஒரு பகுதி அழிந்தே போயிற்று. அழிந்தது அணியா, நூலின் உறுப்பா என்னும் வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிரமும் நூற்புறமும்

நூலின் உடலுக்குப் புறத்தே நிற்கும் செய்திகள் நூலைப் புரிந்துகொள்ள இன்றியமையாதன என்பது தமிழ் மரபிற்குப் புதிதன்று. நூலாசிரியன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டினையும் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணமாக நன்னூல் வகுக்கின்றது. இவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றினையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்கின்றது. இன்றைய அச்சுநூலின் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், முன்னுரை, மேலட்டை, பின்னட்டைக் குறிப்பு ஆகியன இப்பதினொன்றையே தம்முள் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன எனலாம்.

நன்னூல் இன்னொன்றையும் கூறுகின்றது. சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோர் தன் ஆசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் ஆகியோரே. தான் தன்னைப் புகழ்தல் தகாது என்பது பொது விதி. விலக்குகள் சிலவும் கூறப்படுகின்றன. இவ்விதி அடக்கத்தைப் போதிக்கும் அறவுரையாகவே பொதுவாக விளக்கப்படுகின்றது. ஆனால், நூலாக்கக் கோணத்தில் நோக்கினால், ஒரு நூல் உலகிற்கு வருமுன் ஆசிரியன் அல்லாத இரண்டாவது கண் ஒன்று அதனைப் படித்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அதனுள் அடங்கியிருப்பது புலனாகும். எழுதுபவரே வெளியிடுபவராகவும் அமையும் தனிமுயற்சிப் பதிப்பில் இந்நிபந்தனை என்னாகின்றது? இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு நான்கு முயற்சிகள் இங்கு ஆராயப்படுகின்றன.

உ.வே.சா.: கருவி அமைப்பு

உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியை நாம் பதிப்பியலின் மைல்கல்லாகப் போற்றுகின்றோம். அது ஒரு தனிமுயற்சிப் பதிப்பும் ஆகும் என்பதைப் போதிய அளவு எண்ணுவதில்லை. பின்புலமாக நிறுவனம் ஏதும் இல்லை. நூல் வெளிவருமுன்னரே வாங்க ஒப்பியோரிடம் கையொப்பம் பெற்றும், அன்பர்களின் பொருளுதவி நாடியும், கும்பகோணம் கல்லூரிப் பணிக்கிடையே சென்னை சென்று அச்சுத்தாள் திருத்தியும் அவர் அந்நூலை உருவாக்கிய வரலாற்றை ‘என் சரித்திரம்’ விரிவாகக் கூறுகின்றது.

அவருடைய பதிப்புகளில் பக்கம் என்பது கற்போனுக்கு வழிகாட்டும் கருவியாகின்றது. மூலம் எது, உரை எது என்று கண்ணுக்குத் தெரிகின்றது. நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, கதைச்சுருக்கம் ஆகியன முன்னிற்கின்றன. பாடவேறுபாடுகள், மேற்கோள் அகராதி, அரும்பத அகராதி எனப் பதிப்புத்தோறும் அவருடைய கருவிகள் பெருகின. இவற்றை ‘உழைப்பு’ என்று பாராட்டுவதோடு நாம் நின்றுவிடுகின்றோம். எதனை எங்கு வைத்தால் ஆசிரியரின் துணையின்றியும் ஒருவர் இந்நூலைக் கற்க இயலும் என்று கற்பனை செய்து பார்த்த பின்னரே இத்தகைய அமைப்பு உருவாகும். அவ்வகையில் இதுவும் படைப்புச் செயலே. இரண்டாவது கண்ணும் இங்குண்டு. உ.வே.சா. திருத்தக்கதேவருக்கு உரைகாரன் நிலையில் நின்று பாயிரம் செய்கின்றார்.

சி.சு. செல்லப்பா: தொகுப்பமைப்பு

சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக எழுத்து பிரசுரம் அமைந்தது. 1962இல் வெளிவந்த ‘புதுக்குரல்கள்’ 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்டது. தாமே தேர்ந்து, தாமே வெளியிட்டு, நூற்கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். இச்செய்தி அவருடைய தியாகத்திற்குச் சான்றாக எடுத்துரைக்கப்படுவதுண்டு. திறனாய்வு நோக்கில் வேறொன்று முதன்மை பெறுகின்றது.

‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் ஒரு கவிதையும் தனியே நிற்கவில்லை. இதழில் மாதந்தோறும் சிதறிக் கிடந்தவை நூலுக்குள் ஓரிடத்தில் கூடியபோது புதுக்கவிதை என்னும் வகைமையின் இருப்பிற்கு அவை சான்றாயின. தனித்தனிக் கவிதைகளால் நிறுவ இயலாத ஒன்றைத் தொகுப்பின் அமைப்பு நிறுவிற்று. பாயிர மொழியில் கூறின், செல்லப்பா இங்குத் ‘தன்னோடு கற்றோன்’ ஆவார். பிறருக்குப் பாயிரம் செய்யும் தகுதி அவருக்கு இருந்தது.

அவரே பின்னர் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாக 1997இல் தாமே வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 85. அவர் 1998இல் மறைந்த பின்னர், 2001இல் அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பெற்றது. உள்ளடக்கத்தின் வரலாற்று மதிப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாவலின் விரிவு சில இடங்களில் ஆவணப் பெருக்காக மாறுவதைக் காண்கையில், செறிவான ‘வாடிவாசல்’ எழுதிய கை வெட்டுவதற்குத் தயங்கியிருப்பதை உணரலாகின்றது. பிறர் படைப்புக்கு இரண்டாவது கண்ணாக விளங்கியவர்க்குத் தம் நாவலில் அத்தகைய கண் வாய்க்கவில்லை போலும். இதனைக் குறையாகக் கூறுவதினும் தனிமுயற்சிப் பதிப்பின் இயல்பான இடராகக் கொள்வதே நேர்மையாகும்.

அருண் கொலாட்கர்: பக்க அமைப்பு

இந்திய அளவில் நோக்கும்பொழுது ஒப்பீட்டிற்குத் தக்கது 1976இல் பம்பாயில் வெளிப்பட்ட கிளியரிங் ஹவுஸ் முயற்சியாகும். அருண் கொலாட்கர், ஆதில் ஜசாவாலா, அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா, கீவ் படேல் ஆகிய நான்கு கவிஞர்கள் கூட்டுறவு முறையில் தம் நூல்களைத் தாமே வெளியிட்டனர். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய கொலாட்கர் விளம்பரத்துறையில் கலை இயக்குநராகத் தொழில் புரிந்தவர். அந்நூல்களின் வடிவமைப்பில் அவர் பங்கு பெரிது. அவருடைய ‘ஜெஜூரி’ 1977இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றது.

கண்டோபா கோயில் அமைந்த ஜெஜூரி என்னும் தலத்திற்குச் சென்று திரும்பும் ஒருவனின் அனுபவமே அந்நூல். கோயிலை விட்டுப் புகைவண்டி நிலையம் நோக்கி நடக்கும் கவிதையில், சோள வயலில் சேவலும் கோழிகளும் துள்ளி ஆடும் காட்சி வருகின்றது. அங்குச் சொற்கள் வரியொழுங்கை விட்டு மேலும் கீழுமாகப் பக்கமெங்கும் சிதறுகின்றன. துள்ளலைச் சொல்வதோடு அமையாமல் பக்கமே துள்ளுகின்றது. தலத்தில் காணாத ஓர் உயிர்ப்பை வயலில் காணும் அவ்விடமே நூலின் திருப்பமாகும். அப்பகுதியை வரிகளாக மடித்து மேற்கோள் காட்டினால் சொற்கள் எஞ்சும், கவிதை எஞ்சாது.

சித்திரகவி மரபுடைய நமக்கு இது வியப்பளிக்க வேண்டுவதில்லை. சக்கரமும் நாகமும் பாடலின் வடிவாதலைத் தண்டியலங்காரம் சொல்லணியில் அடக்குகின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சித்திரகவியில் வடிவம் முன்னரே வகுக்கப்பட்டது. புலவன் எழுத்துகளை அதனுள் பொருத்துகின்றான். கொலாட்கரிடம் வடிவம் அக்கவிதையின் தேவையிலிருந்து ஒருமுறை பிறந்து அக்கவிதையோடே முடிகின்றது. அச்சுக்கோப்பு கவிஞரின் ஆளுகைக்குள் இருந்தாலன்றி இது எளிதில் கைகூடாது. அதே வேளையில், நால்வரும் ஒருவர்க்கொருவர் சக கவிஞராகவும் சக பதிப்பாளராகவும் நின்றமையால் ‘தன்னோடு கற்றோன்’ என்னும் நிபந்தனை இக்கூட்டுறவின் கட்டமைப்பிலேயே நிறைவேறுகின்றது.

க்ரியா: உரைகாரனின் இடம்

1974இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா பதிப்பகம் எழுத்தாளரின் சொந்தப் பதிப்பு அன்று. பெருவணிகப் பதிப்பும் அன்று. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இலும், இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இலும் இப்பதிப்பகத்தின் வழி வெளிவந்தன. சொற்பிரிப்பு, நிறுத்தக்குறி, பக்க ஓரம், எழுத்துருவின் அளவு ஆகியவற்றில் சீர்மை பேணிய பதிப்பகம் அது. எழுத்தாளரின் படியை எடுத்துக்கொண்டு அவருடன் அமர்ந்து வரிவரியாகச் செம்மை செய்யும் பதிப்பாசிரியர் என்னும் பாத்திரத்தை நவீனத் தமிழில் நிலைநாட்டியதே அதன் முதன்மையான பங்களிப்பாகும். இக்காலத் தமிழ் உரைநடையின் சொல்வழக்கிலேயே அவர் கொண்டிருந்த ஈடுபாடு 1992இல் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யாக விளைந்தது. அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2020ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார்.

இத்தகைய செம்மையாக்கம் எழுத்தாளரின் தனிக்குரலைச் சமன்படுத்திவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. வட்டார வழக்கின் மேடுபள்ளங்கள் பதிப்பகத்தின் பொதுநடையில் மறையக்கூடும். ஆனால் ‘கோவேறு கழுதைகள்’ தன் பேச்சுமொழியின் வன்மையை இழக்காமல் வெளிவந்திருப்பது, நல்ல உரைகாரன் மூலத்தை விழுங்குவதில்லை என்பதற்குச் சான்றாகின்றது.

இன்றைய நிலை

கணினி அச்சுக்கோப்பும், வேண்டும் படிகளை மட்டும் அச்சிடும் வசதியும் வந்தபின் எவரும் நூல் வெளியிடலாம் என்னும் நிலை உருவாகியுள்ளது. இதனை இகழ்வதற்கு இடமில்லை. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நூல்களும் இதனால் வெளிச்சம் பெறுகின்றன. எனினும் எழுதியவரே பின்னட்டையில் தம்மைப் படர்க்கையில் புகழ்ந்துகொள்ளும் வழக்கம், நன்னூல் விலக்கிய தற்புகழ்ச்சி வேற்றுரு எடுத்து வந்ததேயாகும். அட்டையின் பளபளப்பை நூலாக்கம் என மயங்குவதும் பெருகியுள்ளது. செல்லப்பாவின் நூல்கள் எளிய தோற்றமுடையன. ஆயினும் அவற்றின் அமைப்பில் சிந்தனை இருந்தது. நூலாக்கம் என்பது செலவன்று, முடிவெடுத்தல் என்பதை இன்றைய தனிமுயற்சியாளர் மேற்கண்ட நால்வரிடமிருந்தும் கற்கலாம்.

முடிவுரை

உ.வே.சா. பக்கத்தைக் கருவியாக்கினார், செல்லப்பா தொகுப்பை வாதமாக்கினார், கொலாட்கர் பக்கத்தைக் கவிதையாக்கினார், க்ரியா பதிப்பாசிரியரை உரைகாரனாக்கிற்று. நான்கிலும் நூலாக்கம் படைப்பின் உறுப்பாக இருந்தமை தெளிவாகின்றது. இரண்டாவது கண் அமைந்தவிடத்து முயற்சி வலுப்பெற்றதும், அமையாதவிடத்துத் தளர்ந்ததும் அறியலாகின்றது.

எனவே தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன மூன்று. இக்கால இலக்கிய ஆய்வேடுகளில் முதற்பதிப்பைக் காணுதல் கட்டாயமாதல் வேண்டும். நூல் விவரத்தில் ஆண்டோடு அட்டை, தாள், முன்னுரை, விலை ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். நூலகங்கள் நூல்களை மறுகட்டு செய்யும்பொழுது மேலட்டையையும் உள்ளே சேர்த்துக் கட்டுதல் வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் சுட்டிய நான்கு நூல்களின் மேலட்டைகள் இனி மீளா. அவற்றின் பதிப்பு விவரப் பக்கங்களாவது எஞ்சியுள்ளன. அங்குக் காலம் உண்டு, களம் உண்டு. காரணம் அட்டையோடு போயிற்று.